ஜெபக் குறிப்பு

கசார்வாடி, புனே
14-6-1998

கர்த்தருக்குள் பிரியமான தங்கை செல்வமேரிக்கு அக்காள் கிருபாவதி எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் உன் அத்தானும் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா? உன் மாமியாருக்கு முழங்கால் நீர் வற்றினதா என்று எழுதவும்.

உன் வீட்டுக்காரர் ஜெர்சன் தம்பி நல்லபடியாக வந்து சேர்ந்தார். நீ கொடுத்துவிட்ட மிளகாய்ப்பொடி ரயிலில் பிரிந்து சட்டையெல்லாம் சிவப்பு. ஸ்டேஷனில் பார்த்ததும் உன் அத்தான் பதறி, "என்னய்யா, எங்க அடிபட்டுட்டு?" என்றார்கள். தம்பி சிரித்துக்கொண்டே, "இல்ல அத்தான், உங்க கொழுந்தியா சமையலு" என்றார். வீடு வரும்வரை தும்மல்தான்.

திங்கட்கிழமையே உன் அத்தான் இருக்கிற சாகண் கம்பெனியில் சேர்த்தாயிற்று. கார்களுக்கு வேண்டிய தகடுகளை அழுத்தி வடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. ஐ.டி.ஐ. சர்ட்டிபிகேட்டின் அசலை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அப்படித்தானாம், ஒரு நம்பிக்கைக்கு. தம்பி நமக்குச் சொந்தம் என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று உன் அத்தான் சொல்லியிருக்கிறார்கள். பர்சனல் ஆபீசர் தன் ஆளைப் புகுத்திவிட்டார் என்று பேச்சு வருமாம். அதனால்தான் நம் வீட்டில் தங்க வைக்கவில்லை, வருத்தப்படாதே. சாகணில், அதே கம்பெனியில் வேலை பார்க்கும் கந்தசாமி என்ற சேலத்துக்காரரோடு ஒரே அறை. நல்ல மனுஷர், ரசம் வைப்பாராம்.

கம்பெனியில் உன் அத்தானை எல்லோரும் ஹெர்பர்ட் சாப் என்கிறார்கள். புதிதாக ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறார்கள். 'ஆப்லா பரிவார்' என்று மராத்தியில் பேர். நம்ம குடும்பம் என்று அர்த்தம். ஆபீசரும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று டீ வாங்க வேண்டும். சனிக்கிழமைதோறும் 'மன மோகளே' கூட்டம். அதில் யாரும் எதையும் மனசைத் திறந்து சொல்லலாம். சொல்லுகிறவருக்கு மஞ்சள் பேட்ஜ் குத்திக் கைதட்டுவார்கள். ராத்திரி சாப்பாட்டில் எல்லாம் இதே பேச்சு. "சம்பளத்துக்கு வேல செய்யுதவன் வேற கிருபா, தன் வீடுன்னு நெனச்சுச் செய்யுதவன் வேற. அந்த ரெண்டாவது ஆளத்தான் நான் உண்டாக்கப் போறேன். அதுல நடிப்பு இருக்கக் கூடாது, பாத்துக்க" என்றார்கள். கல்யாணமான நாள்முதல் இவர்கள் முகத்தில் இத்தனை வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

பிள்ளைக்கு முத்தம்.

அன்புள்ள அக்காள்,
கிருபாவதி


நாசரேத்
2-7-1998

அன்பு அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும் செல்வமேரியின் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். மாமி இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார்கள்.

இவர்களிடமிருந்து கடிதம் வந்தது. முழுக்கக் கம்பெனிப் புராணம்தான். பெரிய டைரக்டர் இவர்களுக்குப் பின்னால் டம்ளரோடு நின்றாராம். காற்று வரவில்லை, ஜன்னலுக்கு எதிரே மின்விசிறி வையுங்கள் என்று இவர்கள் எழுந்து சொன்னார்களாம். அடுத்த வாரமே வைத்துவிட்டு மஞ்சள் பேட்ஜும் குத்தினார்களாம். இங்கே இத்தனை வருஷம் ஒர்க் ஷாப்பில் உழைத்தபோது முதலாளி இவர்கள் பேரைக்கூடச் சரியாகச் சொன்னதில்லை. கடைசியில் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார். எழுந்து நின்று பேசுகிற மனுஷனாக அத்தான் இவர்களை ஆக்கிவிட்டார்கள். அத்தானை நினைக்காமல் நான் முழங்காலிடுவதில்லை அக்கா.

ஊரில் எல்லோரும் விசாரித்தார்கள். மழை இல்லை.

தங்கை,
செல்வமேரி


கசார்வாடி
20-8-1998

பிரிய தங்கைக்கு, உன் கடிதம் கிடைத்துச் சந்தோஷம். பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கே மழை விட்டபாடில்லை, துணியெல்லாம் ஒரு வாடை. மற்றபடி சுகம்.

எனக்கும் ஒரு ஊழியம் கிடைத்திருக்கிறது. பரிவார் திட்டத்தில் ஆபீசர் வீட்டுப் பெண்கள் தொழிலாளர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசிவர வேண்டும். எட்டாவதோடு நின்றவள் நான், மராத்தியும் பஸ் போர்டும் மளிகைக்கடைப் பலகையும் பார்த்து நானாகப் படித்தது. என்னைப் போய் அனுப்புகிறீர்களே என்றேன். உன் அத்தான், "பட்டம் வாங்கின மேடம்மாருட்ட அவளுவ வாய் தெறக்க மாட்டாளுவ. ஒன்ட்டதான் அழுவாளுவ" என்றார்கள்.

சபையில் பெண்கள் சங்கத்தோடு வீடு சந்திக்கப் போவோமே, அதே மாதிரிதான் செய்கிறேன். ஒரு பாக்கெட் பிஸ்கட், கொஞ்ச நேரம் பேச்சு, குறை கேட்பது. போசரியில் சுஷ்மா என்று ஒரு பெண். புருஷன் பெயிண்ட் அடிக்கும் பகுதியில் இருக்கிறான். போஹா என்று அவல் உப்புமா கிண்டி வைத்துக்கொண்டு என் மடியில் கை வைத்து, "தாயி, அவன் ஞாயிற்றுக்கிழமையானால் யூனியன் ஆட்களோடு உட்கார்ந்து பேசுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

நம் அப்பா பழக்கினது உனக்குத் தெரியுமே. பொத்தாம்பொதுவாக ஜெபிக்கக் கூடாது, பேரைச் சொல்லி, குறையைச் சொல்லிச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொரு வீட்டுக் குறிப்பையும் அப்படியே வைக்கிறேன். உன் அத்தான் எதிரே கண்மூடி உட்கார்ந்து ஆமென் சொல்லுகிறார்கள். முன்பெல்லாம் பாதியில் தூங்கிவிடுவார்கள். இப்போது, "ஒன் ஜெபம் நல்லா இருக்கு கிருபா, எதையும் விடாமச் சொல்லுத" என்று பாராட்டுகிறார்கள்.

ஜெர்சன் தம்பி ஞாயிறு ஆராதனைக்குக் கோர்படிக்கு வருகிறார். தூரத்திலிருந்து தலையசைத்துக்கொள்ளுகிறோம்.

அக்காள்,
கிருபாவதி


நாசரேத்
5-9-1998

அன்பு அக்காவுக்கு, இங்கு யாவரும் சுகம். இதை நீ மட்டும் படி.

இவர்கள் கடிதம் முன்போல் இல்லை. பிரஸ் மிஷினில் இரண்டு பொத்தான் இருக்குமாம். ஒரு கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேல் கட்டை இறங்கும். இரண்டு கையும் வெளியே இருப்பதால் ஆபத்து இல்லை. இப்போது வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று ஒரு மிஷினில் ஒரு பொத்தானை அமுக்கினபடியே கம்பியால் கட்டிவிட்டார்களாம். ஒரு கையால் தகட்டை வைத்துக்கொண்டு மறு கையால் அமுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தகடு வைக்கிற கை போய்விடும்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் இவர்கள் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்களாம். இன்னொரு பேட்ஜ் கிடைத்ததாம். கம்பியை அவிழ்க்கவில்லை. "பேட்ஜக் குத்திக் குத்திச் சட்டையில ஓட்ட விழுந்ததுதான் மிச்சம்" என்று எழுதியிருக்கிறார்கள். இவர்களும் கந்தசாமியும் சேர்ந்து புனேயில் இருக்கிற தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதப் போகிறார்களாம். எழுதியாகிவிட்டது, இன்னும் அனுப்பவில்லை. இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் தனியாக நடந்துகொண்டே இருக்கிறேன். ஜெபத்தில் வைத்துக்கொள் அக்கா.

தங்கை,
செல்வமேரி


கசார்வாடி
30-9-1998

பிரிய தங்கைக்கு, கலங்காதே. உன் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமே குறிப்பை வைத்து ஜெபித்தேன். தம்பி பேரையும் கந்தசாமி பேரையும் சொல்லி, அந்தப் பொத்தானையும் சொல்லி, அவர்கள் எழுதின கடிதம் தடையில்லாமல் இன்ஸ்பெக்டர் கையில் போய்ச் சேர வேண்டும் என்று கண்ணீரோடு கேட்டேன். நீ மட்டும் படி என்று எழுதியிருந்தாய். ஆண்டவரைத் தவிர வேறு யாரிடமும் நான் மூச்சு விடவில்லை.

இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. பம்பாயிலிருந்து வந்த டைரக்டர் உன் அத்தானை மேடையில் கூப்பிட்டுச் சால்வை போட்டார். "உங்கள் ஆட்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடுகிறதே!" என்றாராம். உன் அத்தான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள்.

போசரிக்கு மறுபடி போயிருந்தேன். சுஷ்மா வீடு பூட்டியிருந்தது. புருஷனை நாக்பூர் பக்கம் ஏதோ கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம், ஒரே நாளில் கிளம்பச் சொல்லிவிட்டார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் கதவைப் பாதி திறந்து இதைச் சொன்னாள். நான் பிஸ்கட்டை நீட்டினேன். வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏன் என்று தெரியவில்லை.

சளி பிடித்திருக்கிறது. மற்றபடி சுகம்.

அக்காள்,
கிருபாவதி


நாசரேத்
21-10-1998

அக்காவுக்கு,

இங்கு சுகம். கந்தசாமியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். காலையில் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு போ என்றானாம்.

இவர்களை அனுப்பவில்லை. கூட்டத்துக்கு நடுவில் எழுப்பி நிறுத்தி, "நம் குடும்பத்தில் ஜெர்சனைப் போல அக்கறை உள்ளவர்கள் வேண்டும். அந்த பிரஸ் மிஷின் மேல் இவருக்குத்தான் எத்தனை கவலை! இனிமேல் அது இவருடைய மிஷின். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்" என்று பேசினார்களாம். மிஷினில் இவர்கள் போட்டோவை ஒட்டி, கீழே 'உரிமையாளர்' என்று எழுதிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்களாம். கட்டின கம்பி அப்படியேதான் இருக்கிறது. இப்போது தினமும் இவர்கள்தான் அதில் நிற்கிறார்கள். அவிழ்த்தால் எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் மறுபடி கட்டுகிறானாம்.

அப்புறம் ஆபீசுக்குள் கூப்பிட்டு, இன்ஸ்பெக்டருக்கு எழுதின கடிதம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அது தபால் பெட்டியையே பார்க்கவில்லை. இவர்கள் பெட்டியில் துணிக்கு அடியில் இருந்தது. வேலையை விட்டு வந்துவிடுங்கள் என்று எழுதினேன். சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்களாம். அது இல்லாமல் வேறு எங்கே போக?

அத்தானிடம் சொல்லி வேறு மிஷினுக்கு மாற்றச் சொல் அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஆண்டவரிடம் மட்டும் சொன்னதாக எழுதியிருந்தாய். அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

செல்வமேரி


கசார்வாடி
28-11-1998

அன்புத் தங்கைக்கு அக்காள் எழுதுவது. சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். பதில் எழுத நாளாகிவிட்டது. காய்ச்சல் வந்து எழுந்தேன். குளிர் தொடங்கிவிட்டது. பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னுகிறேன், அளவு தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே பின்னுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடலாம் என்று அரிசி ஊறப்போட்டேன், பிறகு இட்லிக்கு அரைத்துவிட்டேன். மனசு ஓடவில்லை.

உன் அத்தானிடம் பேசினேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, தம்பியை வேறு வேலைக்கு மாற்றுங்களேன் என்றேன்.

"யாரு எழுதுனா ஒனக்கு?"

"செல்வமேரிதான்."

"ஒன் தங்கச்சிட்டச் சொல்லு, அவனுக்குக் கம்பெனி மரியாத செஞ்சிருக்கு. போட்டோ ஒட்டுன மிஷின விட்டு எறக்குனா அவனுக்குத்தான் கேவலம்."

"கையி போயிருமேன்னு பயப்படுதா."

"எனக்கு மட்டும் ஆசையா?" என்று சத்தம் போட்டுவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தி, "மேல இருக்கவன் எண்ணிக்க கேக்கான் கிருபா. தரலன்னா அந்தச் சேர்ல வேற ஆளு. நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதேம்லா" என்றார்கள். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

வீடு சந்திக்க இப்போது போவதில்லை. கால் வலி என்று சொல்லிவிட்டேன். ஜெபமும் சத்தமாகச் செய்வதில்லை. தொண்டை சரியில்லை. மனசுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறேன். முடிந்ததும் உன் அத்தான், "என்ன, இன்னைக்கும் குறிப்பு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்கிறார்கள்.

அக்காள்,
கிருபாவதி


நாசரேத்
10-12-1998

அக்காவுக்கு,

உன் தொண்டை சுகமாகட்டும். நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும்வரைக்கும் நான் அடுப்பு பற்ற வைப்பதில்லை. இவர்கள் கடிதம் வந்தால் முதலில் கையெழுத்தைத்தான் பார்க்கிறேன். இவர்கள் கையெழுத்தாகவே இருந்தால் போதும். பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

செல்வமேரி


சிஞ்ச்வட், ஆஸ்பத்திரி
12-1-1999

அக்காவுக்கு,

நீ வந்து போன பிறகு எழுதுகிறேன். நேரில் பேச முடியவில்லை. நீயும் பேசவில்லை. அத்தானுக்குப் பின்னால் நின்று ஒரு ஆரஞ்சை முழுவதும் உரித்தாய், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாய்.

வலது கையில் இனி கட்டைவிரல் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவர்கள் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை, "பிள்ளையக் கூட்டிட்டு வரலல்லா?" என்பதுதான். கட்டைப் பார்த்தால் பயப்படுவாள் என்று.

நீங்கள் கிளம்பின பிறகு ஆபீசிலிருந்து ஒருவர் மிட்டாய் டப்பாவும் ஒரு தாளும் கொண்டுவந்தார். மிஷின் ஜெர்சனுடையது, பொத்தானைக் கட்டினதும் ஜெர்சன்தான் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வாட்ச்மேன் வேலை தருவார்களாம், குடும்பம் யாரையும் கைவிடாதாம். "எந்தக் கையால போடணும்?" என்று இவர்கள் கேட்டார்கள். அந்த மனுஷர் மை தடவுகிற டப்பாவை எடுத்தார். நான் தாளை வாங்கிக் கிழித்துவிட்டேன்.

விபத்தை விசாரிக்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் செவ்வாய்க்கிழமை, 19-ஆம் தேதி, காலையில் கம்பெனிக்கு வருகிறார். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் கைதட்டின அத்தனை பேரும் ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்கள். கந்தசாமி எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பொத்தான் கட்டியிருப்பது ஆபீசுக்குத் தெரியவே தெரியாது என்று அத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

செப்டம்பரிலேயே தெரியும் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறது. அது நீ. இவர்களுக்கு நஷ்ட ஈடு கிடைப்பதும், கையை இழந்ததோடு பழியையும் சுமப்பதும் உன் வாயில் இருக்கிறது. வா என்று கெஞ்ச மாட்டேன். ஒரு தடவை கெஞ்சியாயிற்று.

செல்வமேரி


கசார்வாடி
17-1-1999, ஞாயிறு

என் தங்கை செல்வமேரிக்கு,

நீ கேட்ட கேள்விக்குப் பதில். பக்கத்தில் உன் அத்தான் இருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல ஆமென் என்றார்கள்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததை எழுதுகிறேன். நீ என்னைக் கூப்பிட்டிருப்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உன் கடிதம் தலையணை உறைக்குள் இருந்தது. ஜெபத்துக்கு உட்கார்ந்ததும், "இன்னைக்கு நான் ஜெபிக்கேன்" என்றார்கள். இத்தனை வருஷத்தில் வீட்டில் அவர்கள் வாய்விட்டு ஜெபித்ததில்லை.

"ஆண்டவரே, கிருபாவுக்காக ஜெபிக்கிறேன். அவள் உடம்பு தளர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவள் எங்கும் வெளியே போகாமல் வீட்டில் இளைப்பாற உதவி செய்யும். தன் கூடப்பிறந்தவளின் துக்கத்தினால் அவள் புத்தி தடுமாறியிருக்கிறது. தடுமாறின புத்தியில் பேசுகிற பேச்சை ஒருவரும் நம்பாமல் இருக்கட்டும். அதற்குப் பிறகு அவளுக்கு ஒதுங்க ஒரு வீடு இல்லாமல் போய்விடாதபடி அவளைக் காத்தருளும்" என்றார்கள்.

ஜெபத்தில் கண் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நேற்றுத் திறந்தேன். அவர்கள் கண் திறந்தே இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் அத்தனையும் சொல்லியிருக்கிறார்கள். அந்த முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"ஆமென் சொல்லு கிருபா."

நான் சொல்லவில்லை.

"சொல்லுட்டி."

எழுந்து போய்ச் சோற்றை இறக்கினேன். பரிமாறினேன். சாப்பிட்டார்கள். இன்று ஆராதனைக்கு நாங்கள் கிளம்பும்போது அவர்கள் வெளியே பூட்டின பூட்டின் சாவி ஒன்றுதான். அது அவர்கள் சட்டைப் பையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்னை உள்ளே வைத்தே பூட்டிவிடுவார்கள். அதனால் நாளைக்கே, அவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே, பால் வாங்கப் போகிறதுபோல இறங்கிவிடுவேன். கோர்படியில் சபை மூப்பர் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு இரவுக்கு இடம் தருவார்கள். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செவ்வாய் காலை நாசிக் ஃபாட்டா சந்திப்பில் சாகண் பஸ் ஏறிக் கம்பெனி கேட்டுக்கு வந்துவிடுவேன். வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், ஹெர்பர்ட் சாப் வீட்டம்மா என்று சலாம் போட்டு உள்ளே விடுவான். அன்றைக்கு மட்டும் அந்தப் பேர் உதவட்டும்.

இன்ஸ்பெக்டரிடம் மராத்தியில் சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனப்பாடம் செய்திருக்கிறேன். பிழை இருந்தாலும் விளங்கும்.

இதைக் கோவிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், தபாலில் போடவில்லை. ஆராதனைக்கு வந்த உங்கள் ஆஸ்பத்திரி நர்சிடம், பாட்டுப் பாடும்போது கைமாற்றிக் கொடுக்கப் போகிறேன். தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே. அதை நானே வந்து கேட்க வேண்டும். கேட்டில் என்னைக் கண்டால் நீ பேச வேண்டும் என்றில்லை. கொஞ்சம் பக்கத்தில் நில்.

இந்த விலாசத்துக்கு இனிமேல் எழுதாதே.

அக்காள்,
கிருபாவதி